முட்டிக்குள் கட்டிய கயிறு



ஞாயிறு மாலை தோட்டத்துத் திடலில் காற்பந்தாட்டம். ஓடிவரும் பையன் காலை ஊன்றிச் சட்டென்று திரும்புகிறான். முட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் முட்டி பானைபோல் வீங்குகிறது. "நரம்பு பிசகிவிட்டது" என்று எண்ணெய் போட்டு உருவிவிடுகிறோம். சில வாரத்தில் வீக்கம் வற்றுகிறது. ஆனால் திரும்பும்போதெல்லாம் முட்டி நழுவுகிறது. செம்பனைக் காட்டில் வாய்க்காலைத் தாண்டும்போது கால் முறுக்கிக்கொண்டவர்களுக்கும் இதே கதைதான்.

பிசகியது நரம்பன்று. கணைக்காலெலும்பு முன்னால் நழுவாமல் முட்டிக்குள் பிடித்து வைத்திருக்கும் இணைநார் அறுந்திருக்கலாம். அது முழுதும் அறுந்தால் பெரும்பாலும் தானாக நன்றாக ஒட்டுவதில்லை. எல்லாருக்கும் அறுவை தேவையில்லை; முறையான பயிற்சியே சிலருக்குப் போதும். ஆனால் நழுவும் முட்டியோடு ஓடியாடி உழைத்தால், உள்ளிருக்கும் குருத்தெலும்பு கிழியும்.

அறுவை என்றதும் தாய்மார்கள் கேட்பது ஒன்றே: "நல்ல நாணை வெட்டி எடுத்தால் பிள்ளை நொண்டியாகிவிடுவானே?"

நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் அழுத்திப் பின்னுக்கு இழுங்கள். முட்டிக்குப் பின்னால் கைவைத்தால் இரு ஓரத்திலும் கயிறுகள் விறைப்பது தெரியும். அவை தசைநாண்கள். வெளி ஓரத்துக் கயிற்றைத் தொடுவதில்லை. உள் ஓரத்தில் உள்ள நீண்ட நாணை, பல வேளைகளில் அதன் பக்கத்து மெல்லிய நாணையும் சேர்த்து எடுத்து, மடித்து, ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் கனத்துக்கு முறுக்கில்லாத வடமாக்குகிறார்கள். எலும்பில் துளையிட்டு அதைப் பழைய நாரின் இடத்தில் பொருத்துகிறார்கள். இத்தாலிய மருத்துவர் கலியாட்சி 1934லேயே இந்த நாணைப் பயன்படுத்தினார்.

முட்டியை மடக்க வேறு தசைகளும் இருப்பதால் பிள்ளை நொண்டியாவதில்லை. முழுக்க மடக்கும் பலம் சற்றுக் குறையலாம். தழும்பருகே மரத்துப் போகலாம். எடுத்த நாண் பலருக்குப் பல்லி வாலைப்போல் மீண்டும் வளர்வதும் உண்டு.

ஆனால் அவசரம் கூடாது. வலி போனதும் புது நாண் பலமாகிவிட்டதென்று எண்ணாதீர்கள். எலும்போடு ஒட்டவே பல வாரமாகும். திடலில் இறங்க ஒன்பது மாதமாவது பொறுப்பது நல்லது. 2019 ஜனவரியில், ஜகார்த்தாவில் சாய்னா நேவாலுக்கு எதிரான இறுதியாட்டத்தில் முட்டி நார் அறுந்த ஸ்பெயின் பூப்பந்து வீராங்கனை கரோலினா மரின், செப்டம்பரில் சீனப் பொதுப் போட்டியை வென்றார். நாள்தோறும் கூடவே பயிற்சியாளர்கள் இருந்தும் அவருக்கு அத்தனை மாதம்!

ஆகவே, முட்டி வீங்கினால் உருவாதீர்கள். ஐஸ் ஒத்தடம் கொடுத்து, காலை உயர்த்தி வைத்து, அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். எலும்புச் சிகிச்சைப் பிரிவு உள்ள சுங்கை பூலோ, கிள்ளான் போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். முட்டி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் அன்றே போங்கள். வேலையில் அடிபட்டால் அன்றே மண்டோரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். பின்னர் சொக்சோவுக்கு மனுச் செய்ய அந்தப் பதிவு உதவும்.

பிள்ளைக்கு இன்னும் ஐம்பது வருடம் நடக்க வேண்டிய கால் அது. ஒன்பது மாதம் பெரிதா?