ஏலமும் மாயக் காசும்

ஏலத்தை ஏலம் போடும் ஊர் போடிநாயக்கனூர். இந்தச் சிலேடையை அங்கே யாரும் ரசிப்பதாகத் தெரியவில்லை. வியாபாரிகளின் கண்ணெல்லாம் விலை ஓடும் கம்ப்யூட்டர் திரையின் மேல் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் காயை, ஸ்பைசஸ் போர்டின் லைசென்ஸ் பெற்றவர்தான் ஏலம் விடலாம். சரக்கு குடியானவருடையது; ஒழுங்கு சர்க்காருடையது.

கம்பம் பள்ளத்தாக்கின் வாலிபர்கள் சிலர் இப்போது வேறொரு திரையையும் பார்க்கிறார்கள். அதில் ஓடுவது பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்களின் விலை. உத்தமபாளையத்தில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பெண்ணின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பணத்தைப் பிள்ளை இதில் போட்டான். பணத்தை வாங்கிக் கொண்டவர்கள் பிறகு அகப்படவில்லை. "ஏலத்துக்கு ஒரு போர்டு இருக்கு. இதுக்கு எங்கேய்யா போறது?" என்று தகப்பனார் நம்மைக் கேட்டார்.

நியாயமான கேள்வி. இந்த வியாபாரிகளுக்குப் பாங்கிகள் உதவக் கூடாதென்று 2018 ஏப்ரலில் ரிஸர்வ் பாங்கி உத்தரவிட்டது. 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. கதவைச் சாத்த முடியாமற் போகவே, சர்க்கார் வாசலில் உண்டியல் வைத்தது. 2022 பட்ஜெட்டில் லாபத்துக்கு நூற்றுக்கு 30 வரி. விற்கும்போது நூற்றுக்கு 1 பிடித்தம். ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவும் இடமில்லை! வரி போட்டதனாலேயே அங்கீகாரம் அளித்ததாகாது என்று நிதி மந்திரி ஸ்ரீமதி நிர்மலா சீதாராமன் ராஜ்ய சபையில் விளக்கினார். அதே வருஷம் டிசம்பர் 1-ந் தேதி ரிஸர்வ் பாங்கியே பொது ஜனங்களுக்கான டிஜிட்டல் ரூபாயைப் பரீட்சார்த்தமாக வெளியிட்டது.

பிறர் காசை விரட்டாமல் தன் காசைக் கொண்டு வரும் யுக்தி நம் நாட்டில் புதிதல்ல. சென்னைப் பாங்கி முதலியவை ஒரு காலத்தில் தங்கள் பெயரிலேயே நோட்டு வெளியிட்டு வந்தன. 1861-ம் வருஷச் சட்டத்தால் அன்றைய ஆங்கில சர்க்கார் அவ்வுரிமையைத் தன் கைக்கு மாற்றிக் கொண்டது. நோட்டு ஒழியவில்லை, பொறுப்பாளிதான் மாறினார். நோட்டை நீட்டினால் வெள்ளி ரூபாய் எண்ணிக் கொடுக்கும் கடமையையும் அந்த சர்க்கார் ஏற்றது. அந்நிய சர்க்காராயிற்றே என்று நாம் அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

தடை வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. தடுத்தால் வியாபாரம் இருட்டுக்குப் போகும். 2023 மார்ச்சில் இவ்வியாபாரிகளைச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டு வந்து, வாடிக்கைக்காரர் யாரென்று கணக்கு வைக்கச் செய்த சர்க்கார், அந்த வாடிக்கைக்காரரின் பணம் பத்திரமாய் இருக்கிறதா என்பதற்கும் ஒரு கணக்குக் கேட்கட்டும். உத்தமபாளையத்துப் பெண்ணின் கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.