உதவியாளருக்கு ஒரு பள்ளி வேண்டாமா?



இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்னே அதைக் கற்க வேண்டும் என்று தமிழகத்துக்குச் சொல்லித் தந்த ஊர் கோவை. 1945-ல் ஜி. டி. நாயுடு தொழிற்பள்ளி கண்டார். 1951-ல் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1933-லேயே தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்ட ஆலை அதிபர்கள், அது போதாதென்று 1956-ல் ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் ஒன்றையும் நிறுவினார்கள். கதிரின் சுழற்சி முதல் மேஸ்திரியின் கடமை வரை அங்கே பாடமாயிற்று. பஞ்சு அறுந்தால் நட்டம் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஆகவே, பஞ்சைத் தொடும் கைக்குப் பயிற்சி தந்தார்கள். இன்றும் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் இளைஞன்கூட ஒரு பட்டறையில் சில ஆண்டு கைப்பழகிய பிறகே தனிக் கடை போடுகிறான்.

இத்தனை தொழிலுக்கும் பள்ளி கண்ட மண்ணில், ஒரு தொழிலுக்கு மட்டும் பள்ளி எழவில்லை. மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்தில் அமர்ந்து, தாங்கள் கொண்டு செல்லும் மனுவை முதலில் கை நீட்டி வாங்குகிறாரே, அந்த உதவியாளரின் தொழிலைத்தான் சொல்கிறேன்.

சிறிய வேலை என்று எண்ணிவிட வேண்டாம். கோவை மக்களவைத் தொகுதியில் 2024-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வாக்காளர் மட்டும் 20 இலட்சத்துக்கு மேல். அத்தனை பேருக்கும் உறுப்பினர் ஒருவர். அவரோ ஆண்டில் பல வாரம் டில்லியில் இருக்கிறார். ஊரில் இருக்கும் நாளிலும் திருமணம், திறப்பு விழா, துக்க வீடு என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றுகிறார். சுற்றாவிட்டால் நாமே விடுவதில்லை! ஆகவே பெரும்பாலான மக்களுக்குப் பிரதிநிதி என்பவர் யார்? மேசைக்குப் பின்னே அமர்ந்திருக்கும் அந்த உதவியாளரே.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். சிங்காநல்லூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் தொழிலாளியின் மனைவிக்கு இருதய அறுவை செய்ய வேண்டும் என்கிறார்கள். அவர் உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஓடி வருகிறார். விவரம் அறியாத உதவியாளர் என்ன செய்வார்? மிகுந்த இரக்கத்தோடு, பிரதமரின் நிவாரண நிதிக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தட்டெழுதி, முத்திரை குத்திக் கொடுப்பார். அது டில்லிக்குப் போகும். குறிப்பிட்ட மருத்துவமனையின் செலவு மதிப்பீடு இணைக்கப்படவில்லை என்று திரும்பும். அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். விவரம் அறிந்த உதவியாளரோ முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “உங்களுக்கு ஈ. எஸ். ஐ. பிடித்தம் உண்டா?” உண்டு என்றால் வழி வேறு, உரிமையாகப் பெற வேண்டியதை உதவியாகக் கேட்டு அலைய வேண்டியதில்லை. தமிழகத்தில் அந்தத் திட்டம் முதன்முதலாகக் காலடி வைத்ததே 1955-ல், இதே கோவையில்தான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருப்பதற்கும் தெரியாதிருப்பதற்கும் இடையே ஓர் உயிர் ஊசலாடுகிறது. கடிதம் எழுதியவர் தீயவர் அல்லர், தோழரே. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை!

சட்டம் இவரைப் பற்றி என்ன சொல்கிறது? பாராளுமன்ற உறுப்பினர்களின் ஊதியம் பற்றிய சட்டம் 1954-ல் பிறந்தது. அதன் கீழ் அமைந்த விதிகளில் அலுவலகச் செலவுப் படி என்று ஒன்று உண்டு. உதவியாளருக்கென்று அதில் ஒதுக்கிய தொகை 2018-ல் மாதம் 40,000 ரூபாயாக இருந்தது. 2025-ல் 50,000 ஆயிற்று. தொகை இருக்கட்டும், தகுதி என்ன என்று பாருங்கள். உதவியாளரில் ஒருவர் கணினி அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதே விதி. அவர் கணினி அறிந்தவர் என்று சான்று அளிப்பவர் யார்? அந்த உறுப்பினரேதான்! கிராம உதவியாளருக்கு விண்ணப்பிப்பவனிடம் பள்ளிச் சான்றிதழ் கேட்கும் நாடு இது.

விளைவு என்ன? மச்சான் வருகிறார், பங்காளியின் மகன் வருகிறான், தேர்தலில் சுவரொட்டி ஒட்டிய தம்பி வருகிறான். சுவரொட்டி ஒட்டிய தம்பியை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூவரிலும் அவனே மேல்; தெருவையாவது அறிந்தவன். ஆனால் தெருவை அறிந்தவனுக்குத் தாலுகா அலுவலகத்தின் உள்ளறை தெரிய வேண்டும், அரசாணை படிக்கத் தெரிய வேண்டும், பாராளுமன்றத்தின் விதி தெரிய வேண்டும். இவற்றை அவனுக்கு யார் கற்பித்தார்கள்?

மக்களவையில் கேள்வி கேட்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பு 15 நாட்களுக்கு முன் தரப்பட வேண்டும். ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்வி 20; எழுத்தில் விடை பெறும் கேள்வி 230. அவ்வளவுதான் இடம். எது இடம்பெறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. குலுக்கலில் வென்றாலும் கேள்வியின் வாசகம் வலுவாக இல்லாவிட்டால், “பரிசீலனையில் உள்ளது” என்ற இரண்டு சொல்லோடு அமைச்சர் அமர்ந்துவிடுவார். சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிக் கூலிக்காக நடந்த வேலைநிறுத்தங்களை நாம் அறிவோம். அந்தத் துயரை, எந்த அமைச்சகத்திடம், எந்தத் திட்டத்தின் பெயர் சொல்லி, எந்த ஆண்டின் ஒதுக்கீட்டைக் காட்டிக் கேட்பது? மேடையில் முழங்குபவருக்கு அது தெரியாமல் போகலாம், தவறில்லை. ஆனால் அவர் சட்டைப்பையில் அதைக் குறித்து வைக்கும் ஒருவர் வேண்டும்.

தனி உறுப்பினர் மசோதாவின் கதையும் இதுவே. நம் குடியரசின் வரலாற்றில் சட்டமானவை 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல். அத்தகைய வறண்ட நிலத்தில்தான் 2015 ஏப்ரல் 24-ஆம் நாள், தமிழகத்தின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. ஒரு மசோதாவுக்கு நோக்க விளக்கம், பிரிவுகள், நிதிக் குறிப்பு எல்லாம் வரைய வேண்டும். உணர்ச்சி மட்டும் அதை வரைந்துவிடாது.

முன்பு இதற்கெல்லாம் பள்ளி இருந்தது. பெயர்ப்பலகைதான் இல்லை.

1925 மே 2-ஆம் நாள் ஈரோட்டில் ‘குடிஅரசு’ தொடங்கிற்று. அந்த ஊரின் அச்சகத் தூசியில், மெய்ப்புத் தாளும் மசியுமாக, 1930-களின் இறுதியில் அறிஞர் அண்ணா பணி புரிந்தார். 1940-களில் கலைஞர் பணி புரிந்தார். 1967-லும் 1969-லும் அடுத்தடுத்து முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் அவ்விருவரும். தலைவரின் அருகே இருந்து எழுதுவது, திருத்துவது, வாதத்தை எதிரியின் கண் கொண்டு பார்ப்பது ஆகியவற்றுக்கு அந்த அலுவலகமே பயிற்சிக்கூடம். இன்னொரு பள்ளி தொழிற்சங்க அலுவலகம். 1930-களில் என். ஜி. ராமசாமி போன்றோர் கோவை ஆலைத் தொழிலாளரைத் திரட்டிய நாட்களிலும், 1957-ல் பார்வதி கிருஷ்ணன் கோவையிலிருந்து மக்களவைக்குச் சென்ற நாட்களிலும், சங்க அலுவலகத்தின் மர மேசையில் மனு எழுதிப் பழகியவனுக்குத் தொழிற்சட்டத்தின் பிரிவுகள் மனப்பாடம். ஆலைகள் பல மூடின. சங்க அலுவலகங்கள் சுருங்கின. பத்திரிகை அலுவலகத்துக்கும் கட்சி அலுவலகத்துக்கும் இடையே இருந்த கதவு அடைந்துவிட்டது. பழைய பள்ளி போயிற்று. புதிய பள்ளி வரவில்லை.

வேறிடத்தில் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்கா 1914-லேயே சட்டமன்றத்தாருக்கென ஆராய்ச்சிப் பிரிவு கண்டது. அங்கே கீழவை உறுப்பினர் ஒருவர் 18 நிரந்தரப் பணியாளரை அமர்த்தலாம். பிரிட்டன் 1969-ல் உறுப்பினரின் செயலர் செலவுக்குப் படி தந்தது. நம் டில்லியில் 1976-ல் பாராளுமன்றப் பயிற்சி நிறுவனம் ஒன்று அமைந்தது. அது முதன்மையாக உறுப்பினருக்கும் அதிகாரிகளுக்கும் உரியது. 2010-ல் பி. ஆர். எஸ். என்னும் ஆய்வு நிறுவனம் ‘லாம்ப்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, இளம் பட்டதாரிகளை ஆண்டுதோறும் உறுப்பினர்களிடம் அனுப்பியது. தமிழக அரசும் 2022-ல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் தொடங்கி 30 பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தது. நல்ல காரியங்கள்! ஆனால் டில்லிக்குப் போகும் பட்டதாரி ஓராண்டு முடியுமுன் விடைபெறுகிறார். அவிநாசி சாலையோரத்து அலுவலகத்தில் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்கும் நம் தம்பிக்கு அந்த விளக்கின் ஒளி எட்டவில்லை.

பயிற்சி ஒருபுறமிருக்க, இன்னொன்று உண்டு. அதைத்தான் நான் பெரிதென்று கருதுகிறேன். இவர்கள் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள்.

நொய்யலைப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூர், மக்களவைக் கணக்கில் பொள்ளாச்சியைச் சேர்ந்தது. அடுத்துக் கோவைத் தொகுதி, பிறகு திருப்பூர், பிறகு ஈரோடு, கடைசியில் கரூர்த் தொகுதிக்குள் காவிரியோடு கலக்கிறது. ஆறு ஒன்று, உறுப்பினர் ஐவர். 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு நீர் தேக்குவதற்குப் பதிலாகச் சாயக் கழிவைத் தேக்கிற்று. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2006-ல் கடுமையான ஆணை பிறப்பித்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளையே மூடச் சொன்னது. ஒரே நாளில் திருப்பூர்த் தொழிலாளியின் அடுப்பு அணைந்தது. அதற்கு முன்பே ஒரத்துப்பாளையத்து உழவனின் நிலம் பாழாகியிருந்தது. மேலே இருப்பவனும் கீழே இருப்பவனும் நீதிபதியின் முன்னிலையில்தான் சந்திக்க வேண்டியிருந்தது. ஐந்து அலுவலகத்து உதவியாளர்களும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் அமர்ந்து, தத்தம் கட்டில் உள்ள மனுக்களை எடுத்து வைக்கும் வழக்கம் இருந்திருந்தால், அந்த மனுக்களே ஆற்றின் நோயைச் சொல்லியிருக்குமே!

பல்லடம் திருப்பூர் மாவட்டம். மக்களவைக்கோ கோவைத் தொகுதி. ஆகவே கோவை உறுப்பினரின் உதவியாளர் இரண்டு மாவட்ட ஆட்சியரின் வாசலில் நிற்க வேண்டியவர். இரண்டாம் வாசலில் அவருக்கு அறிமுகமான முகம் ஏதேனும் உண்டா?

“என்னய்யா, மாற்றுக் கட்சிக்காரனின் உதவியாளரோடு நம் ஆள் ஒரே பந்தியில் அமர்வதா? இரகசியம் போய்விடாதா?” என்று முணுமுணுப்போர் நம்மிலேயே உண்டு. கேட்கிறேன்: முதியோர் உதவித்தொகை நின்றுபோன அன்னூர்ப் பாட்டியின் மனுவில் என்ன இரகசியம்? நொய்யல் நீரில் என்ன இரகசியம்? தேர்தல் திட்டம் வீட்டிலேயே இருக்கட்டும்; அதை யாரும் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. “உதவியாளருக்கு விசுவாசம் போதும், வித்தை எதற்கு?” என்பது அடுத்த வாதம். விசுவாசம் வேண்டும்தான். ஆனால் வித்தையில்லாத விசுவாசம், தலைவர் காதில் இனிய செய்தியை மட்டுமே போடும். அதன் பயனைத் தேர்தல் முடிவு வரும் நாளில் பார்த்திருக்கிறோம். மேலும், வழி தெரியாத அலுவலகத்தின் வாசலில்தான் தரகன் நிற்கிறான். உள்ளே விவரம் கிடைக்காதவன் வெளியே காசு கொடுத்து விவரம் வாங்குகிறான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. உறுப்பினர் தோற்றால் உதவியாளர் அன்று மாலையே தெருவில். கூடவே கோப்புகளும் மூட்டையாகக் கட்டப்படும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு இந்த வட்டாரத்து மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் குரல் கொடுத்தார்கள். அடிக்கல் 2019-ல், 1,916 கோடி ரூபாய்ச் செலவில், 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் தருவதாகத் திறப்பு நடந்தது 2024 ஆகஸ்ட் 17-ல். அத்தனை நெடிய போராட்டத்தில் எத்தனை உறுப்பினர் வந்தார்கள், போனார்கள்! ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் புதிய உதவியாளர் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால், தலைமுறை கழிந்துதானே தண்ணீர் வரும்?

ஆகவே நம் கட்சிக்கே முதலில் சொல்கிறேன். மாவட்டக் கழகம் தன் உறுப்பினர்களின் உதவியாளர் பட்டியலை எடுக்கட்டும். கோவையின் கல்லூரிகளில் ஒன்று ஞாயிறுதோறும் ஓர் அறை தரும், கேட்டால் மறுக்கமாட்டார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் பட்டா வழக்கைச் சொல்லித் தரட்டும். தொழிற்சங்க மூத்தவர் ஒருவர் ஈ. எஸ். ஐ.யையும் வைப்புநிதியையும் சொல்லட்டும். டில்லியில் பழகியவர் ஒருவர் கேள்வி வரையக் கற்பிக்கட்டும். அந்த அறையின் கதவு மாற்றாருக்கும் திறந்திருக்கட்டும். பயிற்சி பெற்றவருக்குக் கட்சியே ஒரு சான்று தரட்டும். தேர்தலில் தோற்ற உறுப்பினரின் உதவியாளரை வென்றவர் அழைத்துக்கொள்ள அது வழி செய்யும்.

தாங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு, தோழரே. அடுத்த முறை மனுவோடு அந்த அலுவலகத்துக்குப் போகும்போது, மேசைக்குப் பின்னே இருக்கும் தம்பியிடம் கடிதம் மட்டும் கேட்டு வாங்கி வராதீர்கள். “இது எந்த அலுவலகத்துக்குப் போகும், எத்தனை நாளில் விடை வரும், வராவிட்டால் அடுத்து யாரிடம் போக வேண்டும்?” என்று கேளுங்கள். அவர் திகைத்தால் கோபிக்க வேண்டாம். அதே கேள்வியை ஓர் அஞ்சலட்டையில் எழுதி, அவருடைய உறுப்பினருக்கு அனுப்பிவையுங்கள்.