மூன்று நிமிடக் கோயில்

இலண்டன் மாநகரில் பி.பி.சி.யின் ஒலிபரப்பு மாளிகை முன்கூடத்தில் இலத்தீன் மொழிக் கல்வெட்டொன்று உண்டு. கலைகளின் கோயிலாம் இம்மாளிகையை எல்லாம் வல்ல இறைவனுக்குப் படைக்கிறோம் என்பது அதன் சாரம். பொறித்த ஆண்டு 1931. அந்நாளில் நிறுவனத்தின் தலைமைப் பீடத்தில் வீற்றிருந்த ஜான் ரீத், ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவரின் மைந்தர். 1941 இல் தமிழ் ஒலிபரப்பையும் தொடங்கி, பின்னர் தமிழோசை எனும் பெயரால் நம் இல்லங்களுக்கும் வந்ததே, அதே பி.பி.சி.தான்! அதன் 'ரேடியோ 4' நிலையத்தைப் பற்றித்தான் பேச விழைகிறோம்.

1967 செப்டம்பர் 30 ஆம் நாள் அப்பெயர் பூண்ட நிலையம் அது. பாட்டுக்கு அங்கே இடம் சிறிது. விடியல் முதல் நள்ளிரவு வரை பேச்சு, பேச்சு, பேச்சே! உழவர்க்குச் செய்தி, அமைச்சரை மடக்கும் பேட்டி, அறிவியல் உரையாடல், நாடாளுமன்ற நடவடிக்கை, நூல் வாசிப்பு என்று ஒரு நாள் முழுதும் விரியும் அந்தப் பட்டியலைக் கண்டு நாம் பொறாமைப்படுவதுண்டு. மறைப்பானேன்!

'ஆர்ச்சர்ஸ்' எனும் தொடர் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். 1951 சனவரி முதல் நாள் நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. போர் முடிந்தும் உணவுப் பங்கீடு முடியாத காலம். புதிய வேளாண் முறைகளை உழவரிடம் சேர்க்க வேண்டும். அதற்குக் கற்பனைக் கிராமம் ஒன்றையே படைத்தார்கள். விளைச்சல் பெருக யாகம் செய் என்றா சொன்னார்கள்? விதை, உரம், கால்நடை நோய் ஆகியவற்றைக் கதையில் கலந்து ஊட்டினார்கள். அதே நாடகம் 2016 இல், கணவனின் கொடுங்கட்டுப்பாட்டில் வதையும் மனைவியின் கதையைச் சொல்லி நாட்டையே விவாதிக்க வைத்தது. கதையால் சீர்திருத்தம் செய்ய முடியுமா என்று ஐயுறுவோர் அதைக் கேட்கட்டும்!

'பெண்கள் நேரம்' 1946 இல் பிறந்தது. அதனை முதலில் நடத்தியவர் யார் தெரியுமோ? ஓர் ஆண்! பெண்ணுக்கென ஒதுக்கிய பொழுதுக்கும் ஆணே காவல்! எனினும் அந்தக் கதவு பின்னர் திறந்தது. திறக்காத கதவு ஒன்று உண்டு, அதற்கு வருகிறோம்.

காலை ஏறத்தாழ ஏழே முக்கால் மணி. செய்தி அலசல் நடுவே சட்டென்று ஓர் இடைவெளி. 'இன்றைய சிந்தனை' எனும் பெயரில் மூன்று நிமிட உரை. பாதிரியார் வரலாம், யூதர் வரலாம், முஸ்லிம், சீக்கியர், இந்து, பௌத்தர் எவரும் வரலாம். மதமற்றவர் மட்டும் வரலாகாது! சிந்தனை என்று பெயர் சூட்டிவிட்டு, சிந்தித்ததால் மதத்தை விட்டவனை வாயிலில் நிறுத்துகிறார்களே, இதுவா நடுநிலை?

இவ்வழக்கு நெடியது. 1955 சனவரியில் மார்கரெட் நைட் எனும் உளவியல் விரிவுரையாளர், பி.பி.சி.யின் ஹோம் சர்வீஸ் நிலையத்தில், மதமின்றியே ஒழுக்கம் உண்டு என்று பேசினார். குழந்தைக்கு நேர்மையும் இரக்கமும் கற்பிக்க ஆண்டவன் தேவையில்லை என்றார். அவ்வளவுதான்! ஏடுகள் சீறின, அந்த அம்மையாரைப் பாவியெனத் தூற்றின. வானொலியில் ஒரு பெண் அமைதியாகப் பேசியதற்கே இத்தனை ஆட்டம்!

2002 இல் நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர்களும் பொதுவாழ்வினரும் கையெழுத்திட்டு, இந்த இடத்தை மதமற்றோர்க்கும் திறந்துவிடுக எனக் கோரினர். அவ்வாண்டு ரிச்சர்ட் டாக்கின்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார்; ஆனால் அதே நிகழ்ச்சியில், அந்தப் புனித மூன்று நிமிடத்திற்குப் புறத்தே! 2009 இல் பி.பி.சி. அறக்கட்டளை முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது, நடுநிலை மீறப்படவில்லையாம்.

அவர்கள் தரப்பு வாதம் இது: ஒரு நாளின் மற்ற பேச்செல்லாம் மதச்சார்பற்றதுதானே, இந்த மூன்று நிமிடமாவது மதத்திற்கு இருக்கட்டுமே என்பது. கேட்கிறோம்: செய்தி வாசிப்பது நாத்திகமா? நெல்லுக்கும் கோதுமைக்கும் விலை சொல்வது கடவுள் மறுப்பா? வானிலை அறிக்கை பகுத்தறிவுப் பிரசாரமா? மதம் பேசாத பேச்செல்லாம் மதமற்றவன் கணக்கில் எழுதப்படுமானால், பல் வலிக்கு மருந்து சொல்லும் மருத்துவரும் எங்கள் கழகத்தார் ஆவார்!

வானிலை என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்நிலையத்தின் புகழ்பெற்ற கப்பல் வானிலை அறிக்கை 31 கடற்பகுதிகளை வரிசையாகப் படிக்கும். அவற்றுள் ஒன்றுக்கு 2002 முதல் 'ஃபிட்ஸ்ராய்' என்று பெயர். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர். அழுத்தமான விவிலியப் பற்றாளர். டார்வின் கொள்கையை எதிர்த்து 1860 இல் ஆக்ஸ்ஃபோர்டில் குரல் எழுப்பியவர். ஆயினும் மாலுமிகளைப் புயலிலிருந்து காக்கும் பொறுப்பு வந்தபோது அவர் நாடியது எதை? பாரமானியையும் தந்திக் கம்பியையும்! கடலோர நிலையங்களின் அளவீடுகளைத் திரட்டி 1861 இல் புயல் எச்சரிக்கையைத் தொடங்கினார். பக்தர்தான், ஆனால் வேலை நடந்தது கருவியால். அவரை நாம் மதிக்கிறோம். அவர் நம்பிக்கையாளர் என்பதற்காக அவரது அறிக்கையைக் கேட்க மறுப்பாரும் உண்டோ? அந்தப் பெருந்தன்மையின் மறுபாதியைத்தான் வேண்டுகிறோம்.

2021 மக்கள் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் மதம் ஏதுமில்லை என்றோர் நூற்றுக்கு 37.2 பேர். தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்தும்போது அவர்களிடம், "நீ நம்பாதவன், உன் காசு வேண்டாம்" என்று எவரும் சொல்வதில்லை. காசுக்கு மதமில்லை; காற்றுக்கு மட்டும் உண்டு!

மூன்று நிமிடம் தானே என்பார் உளர். அளவன்று வழக்கு. ஒழுக்கம் பேச உரிமை பெற்றவர் இவர், பெறாதவர் அவர் என்று நாள்தோறும் நாட்டுக்கு அறிவிக்கும் மூன்று நிமிடம் அது. மார்கரெட் நைட் 1983 இல் மறைந்தார். அவர் மீண்டு வந்து, 1955 இல் பேசிய அதே உரையை 'இன்றைய சிந்தனை'யில் படிக்க வேண்டுமென்று வாயிலில் நின்றால், அவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "அம்மா, தாங்கள் எந்த மதம்?"