சாவி யார் கையில்?

நம் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் வாங்குகிறவரிடம், "மண்ணைக் கிளறக் கூடாது; அண்டை வீட்டாருக்கு ஒரு நாற்றும் தரக் கூடாது" என்று நிபந்தனை விதித்தால் சம்மதிப்பாரா? மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் விண்டோஸ் விஷயத்தில் மட்டும் நாம் வாய் பேசாமல் சம்மதித்துவிட்டோம்!

அதன் பலன் 2014-ம் வருஷம் ஏப்ரல் 8-ந் தேதி தெரிந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையா என்று கம்பெனியார் கையை விரித்தனர். யந்திரம் பழுதாகவில்லை, சாவிதான் பிறர் கையில் இருந்தது. தமிழ்நாட்டு ஸர்க்கார் தன் இலாகாக்களை, ஸி-டாக் ஸ்தாபனம் தயாரித்த 'பாஸ்' லினக்ஸுக்கு மாறச் சொல்லிற்று. அதன் உள்ளமைப்பை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம்.

எல்காட் நிர்வாக இயக்குநராயிருந்த ஸ்ரீ உமாசங்கர் பல வருஷங்களுக்கு முன்பே இவ்வழியைக் காட்டினார். ஆயினும், 2011 முதல் மாணவர்களுக்கு இனாமாக வழங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோஸ் குடியேறிற்று. இளமையில் பழகிய கை முதுமையிலும் அதையே தேடும் என்பதைக் கம்பெனியார் அறியாதவர்களா?

கேரளப் பள்ளிக்கூடங்கள் லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன. அங்கே பிள்ளைகளின் படிப்பு ஒன்றும் கெட்டுவிடவில்லை. பெற்றோர்களே, இனாம் என்றதும் மகிழ்வதற்கு முன் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.