சாமி கேட்டதா இந்தப் பெண்ணை?

குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். கையில் காசு இல்லை. ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிறது. பெற்றவள் என்ன செய்வாள்? "தாயே! என் பிள்ளை பிழைத்தால் உனக்கே விட்டுவிடுகிறேன்" என்று மாத்தம்மாவிடம் வேண்டிக்கொள்வாள்.

பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் அவளுடைய துன்பம் தொடங்கும்.

திருத்தணியை அடுத்த பள்ளிப்பட்டு, ஆந்திர எல்லையில் உள்ள ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் வட்டாரம். இந்த எல்லையின் இரு பக்கங்களிலும், ஏழை அருந்ததியர் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம் இது. பெண் குழந்தையை மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிடுவார்கள். சாமி பெயரால் தாலி கட்டுவார்கள். அதன்பின் அவளுக்குக் கலியாணம் கிடையாது. திருவிழாவில் ஆடவேண்டும். வளர்ந்ததும் ஆண்களின் இச்சைக்கு இரையாக வேண்டும். அவளுடைய பிள்ளைகளுக்குத் தகப்பன் என்று சொல்ல ஒருவனும் முன்வர மாட்டான்.

இது பழங்கதை அல்ல. திருவள்ளூர், சித்தூர் மாவட்டங்களில் இப்படி நடப்பதாகச் செய்திகள் வந்ததால், 2017-ல் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேச அரசுகளிடம் விளக்கம் கேட்டது.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபையில் தொடங்கிய போராட்டத்தின் பயனாக, 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவது செல்லாது என்றது. பொட்டுக் கட்டிய பெண்ணும் முறைப்படி திருமணம் செய்துகொள்ளலாம் என்றது.

அப்போது பள்ளிப்பட்டு சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திராவுக்குப் போனது. 1960-ல் தமிழகத்துக்குத் திரும்பியது. எல்லை மாறியது, ஏழைப் பெண்ணின் கதி மாறவில்லை. 1988-ல் ஆந்திர அரசு புதிதாக ஒரு சட்டம் செய்தது. அதில் 'மாத்தம்மா' என்ற பெயரையே குறிப்பிட்டுத் தடை விதித்தது.

பெண்களுக்குள் இரண்டு கருத்து

உடலை விற்றுப் பிழைக்கும் நிலை பற்றிப் பெண்ணுரிமை பேசுவோரிடையே ஒரே கருத்து இல்லை. "இது எந்த வடிவில் வந்தாலும் சுரண்டல்தான், அடியோடு ஒழிக்க வேண்டும்" என்கிறார்கள் சிலர். "இதிலே இருக்கும் பெண்ணும் உழைப்பாளிதான், போலீஸ் தொல்லையிலிருந்தும் ரவுடிகளிடமிருந்தும் அவளைக் காப்பாற்றுங்கள்" என்கிறார்கள் மற்றவர்கள். கல்கத்தா சோனாகாச்சியில் அந்தப் பெண்களே 1995-ல் சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்கள் எதிர்த்தார்கள். கலையை வளர்த்த தங்கள் எல்லோரையும் இழிதொழில் செய்பவர்களாகப் பேசுவது நியாயமல்ல என்பது அவர்களுடைய குறை. அந்த வாழ்க்கையை நேரில் அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ, அதை ஒழிக்கவே ஊர் ஊராகச் சென்று பேசினார்.

வயதுவந்த பெண்ணைப் பற்றி 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான உத்தரவு போட்டது. பாலியல் தொழிலில் உள்ள பெண்ணுக்கும் மானத்தோடு வாழும் உரிமை உண்டு. விருப்பத்தோடு அதில் இருக்கும் வயதுவந்த பெண்ணைச் சோதனை என்ற பெயரில் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்றது.

ஆனால் மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமியின் விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் ஒரே பதில்தான் இருக்க முடியும். அவளுடைய விருப்பத்தை யார் கேட்டார்கள்? தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு விருப்பம் ஏது?

தடை மட்டும் போதுமா?

போதாது என்பது முத்துலட்சுமி அம்மையாருக்குத் தெரிந்திருந்தது. அவர் முயற்சியால் 1929-ல் வந்த சட்டம், தேவதாசிகளைக் கோயில் பணியிலிருந்து விடுவித்தது. அவர்கள் அனுபவித்துவந்த மானிய நிலங்கள் அவர்களுக்கே சேர வழி செய்தது. அடுத்த ஆண்டு, போக்கிடம் இல்லாத பெண்களுக்காக அவர் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். முதலில் சோறும் இடமும். பிறகு படிப்பும் தொழிலும். அதுதான் அவர் காட்டிய வழி.

மாத்தம்மா பெண்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம்கூட இல்லை. அவர்களுக்கு வீட்டுமனை வேண்டும். மாத உதவித்தொகை வேண்டும். தகப்பன் பெயர் கேட்டு விரட்டாமல் அவர்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். கிராமத்துக்குப் பக்கத்திலேயே வைத்தியம் கிடைத்தால், காய்ச்சலுக்காகப் பெண்ணை நேர்ந்துவிடும் தாயும் இருக்கமாட்டாள்.

ஊராருக்கும் ஒரு கடமை உண்டு. எங்காவது சிறுமிக்குச் சாமி பெயரால் தாலி கட்டப்போவதாகத் தெரிந்தால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஏற்கெனவே தாலி ஏறிய பெண்ணைத் தெருவில் கண்டால் ஏளனம் செய்யாதீர்கள். வெட்கப்பட வேண்டியவள் அவள் அல்ல.

மாத்தம்மா எந்தப் பெண்ணையும் கேட்கவில்லை. சாமியின் பெயரைச் சொல்லிக் கேட்டவர்கள் மனிதர்கள்தான். மனிதர்கள் கட்டியதை மனிதர்களே அவிழ்க்க முடியும்.