அளவறிந்து அணிவிப்போம்

ஆறாண்டுகள் நம் தமிழ்ப்பள்ளியின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் ஆண்டுதோறும் நம்மிடம் விடைபெற்று இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். பிரியாவிடை நாளன்று அவர்தம் கண்கள் கலங்குகின்றன. நம் கண்களும் கலங்குகின்றன. அந்நாள் கழிந்த சில வாரங்களில் வீடுகளில் வேறொரு கவலை தலைதூக்குகிறது. புதிய பள்ளிக்குப் புதிய சீருடை வாங்க வேண்டும். அதனை எந்த அளவில் வாங்குவது?

இத்துணைச் சிறிய செய்தியை ஆண்டு மலரில் எழுத வேண்டுமா எனச் சிலர் எண்ணக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. அதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியின் இல்ல விளையாட்டுப் போட்டியைக் காண முன்னாள் மாணவன் ஒருவன் பள்ளிச் சீருடையோடு வந்திருந்தான். நம்மிடம் பயின்ற காலத்தில் அவன் திடலை விட்டு அகலாதவன். ஓட்டத்தில் தன் இல்லத்திற்குப் பல வெற்றிகளைத் தேடித் தந்தவன். "தம்பி, புதிய பள்ளியிலும் ஓடுகிறாயா?" என வினவினோம். அவன் தலைகுனிந்தான். சட்டையின் கை முழங்கையைத் தாண்டித் தொங்கிற்று. இடுப்பில் கால்சட்டையைச் சுருக்கி ஓர் ஊக்கால் இணைத்திருந்தான். "இல்லை ஐயா. ஓய்வு நேரத்தில் வகுப்பிலேயே இருந்துவிடுவேன். ஓடினால் ஊக்கு கழன்றுவிடும்; எல்லாரும் சிரிப்பார்கள். மூன்றாம் படிவம் வரை போட வேண்டுமென்று அம்மா வாங்கினார்கள்" என்றான்.

அத்தாயை நாம் குறை கூறவில்லை. குறை கூற நமக்கு உரிமையும் இல்லை. இன்று மாநகராய் விளங்கும் இந்தச் சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்தது. 1976இல் இங்கே வீடமைப்புப் பணி தொடங்கிற்று. 2020இல் மாநகரத் தகுதி கிட்டிற்று. நம் பெற்றோர் பலர் தோட்டத்து லயங்களில் பிறந்தவர்கள். பால்மரம் வெட்டிப் பெற்ற கூலியில் ஒரே சட்டையை இரவில் துவைத்து, அடுப்பங்கரையில் காயவைத்து, காலையில் பிள்ளைக்கு அணிவித்த தாய்மாரை அவர்கள் அறிவார்கள். 'வளரும் பிள்ளைக்குப் பெரிதாக வாங்கு' என்பது அந்த வறுமை கற்பித்த பாடம். அப்பாடத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் அது கணக்கிலும் சரியா என்பதை ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை.

முதலில், சீருடை எதற்கு என்பதை எண்ணிப் பார்ப்போம். பெருந்தலைவர் காமராசர் 1954 முதல் 1963 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த காலத்தில் ஆங்குள்ள பள்ளிகளில் சீருடை பரவியது. ஏழைப் பிள்ளை, செல்வர் பிள்ளை என்னும் வேற்றுமை வகுப்பறையில் தோன்றலாகாது என்பதே அதன் நோக்கம். நம் நாட்டுப் பள்ளிகளிலும் எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே உடையில் ஒன்றாய் அமர்கின்றனர். எவரையும் தனித்துக் காட்டாதிருப்பதே சீருடையின் பயன். உடலுக்குப் பொருந்தாத சீருடையோ அணிந்த பிள்ளையைத் தனித்துக் காட்டிவிடுகிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து செல்லும் பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் பயிற்றுமொழி புதிது, ஆசிரியர் புதியவர், தோழரும் புதியவர். அத்தனை புதுமைக்கும் நடுவே சட்டையையும் அவன் ஒரு சுமையாகச் சுமக்க வேண்டுமா?

அடுத்து, வளர்ச்சியின் கணக்கைப் பார்ப்போம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வயதில் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் 10 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையே விரைந்து வளர்கின்றனர். ஆண்பிள்ளைகளுக்கு அவ்விரைவு ஏறத்தாழ ஈராண்டு பின்னரே வருகிறது. 14 வயதை ஒட்டி அது உச்சத்தை அடைகிறது. உச்ச ஆண்டில் பெண்பிள்ளை ஏறத்தாழ 8 சென்டிமீட்டரும் ஆண்பிள்ளை 9 அல்லது 10 சென்டிமீட்டரும் உயரக்கூடும். எனவே முதலாம் படிவத்தில் நுழையும் பெண்ணுக்கு வேகமான உயர்வு பெரும்பாலும் முடிந்திருக்கும். அதே வகுப்பில் நுழையும் ஆணுக்கு அது இனிமேல்தான் வரவிருக்கும். 'இரண்டு அளவு பெரிதாக' என்று இருவருக்கும் ஒரே விதியைப் பின்பற்றுவது எங்ஙனம் பொருந்தும்?

உடலின் எல்லாப் பகுதிகளும் ஒருசேர வளர்வதும் இல்லை. முதலில் பாதம் வளர்கிறது. அடுத்துக் கால் நீள்கிறது. அதன் பின்னரே மேலுடல் வளர்ந்து தோள் விரிகிறது. காலணி முதலில் பற்றாமற் போவதும், பிறகு கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறுவதும் இதனால்தான். ஆகவே நீளத்தில் இடம் விட்டு வாங்குவது அறிவுடைமை. தோளிலும் இடுப்பிலும் பெரிதாக வாங்குவது வீண். உச்ச ஆண்டு வளர்ச்சியில் ஏறத்தாழப் பாதி கால்களுக்கு உரியதெனக் கொண்டால் அது 5 சென்டிமீட்டருக்கு மிகாது. கால்சட்டையின் அடியில் 5 சென்டிமீட்டர் துணியை உள்மடித்துத் தைத்துவிட்டால் ஓராண்டின் வளர்ச்சி அம்மடிப்பிலேயே அடங்கிவிடும். வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

இனிக் கடையில் செய்யவேண்டுவன யாவை? பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவனை வீட்டில் விட்டுவிட்டு வயதைச் சொல்லி வாங்காதீர்கள். உடையில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் அளவு மற்றொன்றின் அளவோடு ஒத்திருப்பதில்லை. சட்டையின் தோள் தையல் தோளெலும்பின் முனையில் அமரவேண்டும். கழுத்துப் பொத்தானை இட்டபின் இரண்டு விரல் நுழைய இடம் இருக்கவேண்டும். கையை உயரத் தூக்கினாலும் சட்டை கால்சட்டையிலிருந்து வெளியே வந்துவிடலாகாது. கால்சட்டையை அணிந்து ஒரு முறை அமர்ந்து, எழுந்து, நடந்து பார்க்கச் சொல்லுங்கள். ஊக்கோ கயிறோ இன்றி அது இடுப்பில் நிற்கவேண்டும்.

பெண்பிள்ளைகளின் பினபோர் முழங்காலை மறைக்கவேண்டும். பாஜு கூரோங்கின் பாவாடை நடையைத் தடுக்கலாகாது. இவ்வயதில் பெண்பிள்ளைகளுக்கு உயரத்தைவிட மேலுடல் அளவே விரைவில் மாறும். அக்காளின் பினபோர் தங்கைக்கு உயரத்தில் பொருந்தியும் மேலே இறுக்கலாம். அவள் அதை வாய்விட்டுச் சொல்லாமல் முதுகைக் கூனிக்கொண்டு நடப்பாள். அன்னையர் தனியே அழைத்து அன்போடு கேட்டறிய வேண்டும்.

காலணியை மாலை நேரத்தில் வாங்குவது நன்று. பகல் முழுதும் நடந்த பாதம் அப்போது சற்றே பருத்திருக்கும். காலுறை அணிந்து, இரண்டு பாதங்களையும் நின்றநிலையில் அளந்து பார்க்கவேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதாயின் பாதம் வழுக்கிக் குதிகால் புண்ணாகும்.

செலவு என்னாவது எனக் கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. ஆனால் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. தொடக்கப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் சட்டை வெள்ளையே. 2021ஆம் ஆண்டு முதல் இரு நிலைகளிலும் காலணி கறுப்பே. ஆண்பிள்ளைகளின் கருநீலக் கால்சட்டை பச்சையாகவும், பெண்பிள்ளைகளின் கருநீலப் பினபோர் இளநீலமாகவும் மாறுகின்றன. ஆறாம் ஆண்டில் அணிந்த சட்டையும் காலணியும் இன்னும் பொருந்துமாயின் அவற்றையே தொடர்ந்து அணியலாம். பள்ளி தொடங்கும் காலத்தில் அரசாங்கம் வழங்கும் உதவித்தொகை 150 ரிங்கிட் 2023ஆம் ஆண்டில் பெற்றோரின் வருமானம் பாராமல் ஆரம்பப்பள்ளி, இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு விரிவாக்கப்பட்டது. அத்தொகையை ஒரே நாளில் செலவிட்டுவிட வேண்டுமென்னும் கட்டாயம் இல்லை.

தொடக்கத்தில் இரண்டு இணைகள் போதும். ஒன்று உடலில், ஒன்று கொடியில். மூன்றாவதை ஆண்டின் நடுவில், அப்போதைய அளவுக்கு வாங்கலாம். புதிய பள்ளியின் விதிகளைக் கேட்டறிந்த பின்னரே வாங்குவதும் நலம். விளையாட்டுடையை எந்நாளில் அணியலாம், மாணவர் தலைவர்க்கு வேறு நிறமா என்பன பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். மூன்றாண்டுக்கென ஒரே நாளில் பெரிதாக வாங்கிய மூன்று இணைகளுக்கும், தேவைப்படும்போது அளவாக வாங்கிய மூன்று இணைகளுக்கும் விலையில் பெரும் வேறுபாடு இல்லை. நாள்தோறும் அணிந்து, வியர்வையில் நனைந்து, துவைத்துத் துவைத்து வெளுக்கும் துணி மூன்றாண்டு உழைப்பதும் அரிது. பிள்ளை உடையின் அளவுக்கு வளர்ந்து சேரும் வேளையில் உடை நைந்திருக்கும். ஆக, முதலாண்டு தொளதொளப்பு, மூன்றாமாண்டு கிழிசல். இதில் மிச்சம் எங்கே?

மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாததால் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயிலும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. ஐந்தாம் படிவம் முடிக்க அவர்களுக்கு ஆறாண்டுகள் ஆகும். அவர்களுக்குத் தொடக்கத்திலேயே பல ஆண்டுகளுக்கென வாங்கிவைப்பது இன்னும் பொருந்தாது. அப்பிள்ளைகள் ஏற்கெனவே கூச்சத்தோடு செல்பவர்கள். அளவான உடையாவது அவர்களை நிமிர்ந்து நடக்கச் செய்யட்டும்.

நிறைவாக, நம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முன் ஒரு கருத்தை வைக்க விழைகிறோம். தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தில் உண்ணும் மாணவர்க்கு அரசு விலையின்றிச் சீருடை வழங்குகிறது. அதனைத் தைத்துத் தருபவர்கள் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த பெண்கள். நம் பள்ளித் தாய்மாரிலும் தையற்பொறி வைத்திருப்போர் பலர் உளர். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் விடைபெறுமுன் ஒரு சனிக்கிழமை அவர்கள் அளவுநாடாவோடு பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையின் அளவையும் குறித்துத் தரலாம். முன்னாள் மாணவர்க்குச் சிறிதாகிப்போன பச்சைக் கால்சட்டைகளையும் இளநீலப் பினபோர்களையும் துவைத்து மடித்துப் பள்ளியில் ஓர் அலமாரியில் சேர்த்து வைக்கலாம். மடிப்பைப் பிரித்தோ பிடித்தோ திருத்திக் கொடுத்தால், பழையதாயினும் அது பொருந்திய உடையாகும். பெறுவோர் பெயரை எவருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. தோட்டங்களில் இன்றும் உழைக்கும் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவ்வலமாரி திறந்திருக்கட்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு சொல். பொருந்தாத உடையைப் பெற்றோர் வாங்கித் தந்தால் சினம் கொள்ளாதீர்கள். அவர்களின் அன்பும் அச்சமும் அதில் உள்ளன. ஆயினும் வாய் திறந்து சொல்லுங்கள். 'அம்மா, இது நழுவுகிறது' என்னும் ஒரு சொல்லை அந்த மாணவன் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால், ஓராண்டின் ஓய்வு நேரங்களை அவன் வகுப்பறையில் கழித்திருக்க மாட்டான்.

அவனைப் பற்றியும் கூறிவிடுவோம். அன்றே போட்டியைக் காண வந்திருந்த ஒரு தாய் அவன் கால்சட்டையின் இடுப்பை மறுநாள் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். அதற்கு அரைமணி நேரமும் ஆகவில்லை.

பெற்றோரே! உங்கள் பிள்ளை புதிய பள்ளியில் நுழைவது இவ்வாண்டில். ஆகவே இவ்வாண்டின் அளவுக்கே அணிவியுங்கள். வரும் ஆண்டின் வளர்ச்சியை மடிப்பில் வையுங்கள்.