மனசுக்கு யார் ஊரடங்கைத் தளர்த்துவது?

  

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்று நம் பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் பிரேயருக்குப் போகிறோம். நோய் என்றால் காய்ச்சல், இருமல் மட்டும்தானா? மனசுக்கு வருவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கொரோனா ஊரடங்கு முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன, இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்று கேட்பீர்கள். ஊரடங்கு தெருவில் முடிந்துவிட்டது, பல பேர் மனசில் இன்னும் முடியவில்லை. அதைப் பற்றி நாம் பேசாமல் விட்டதுதான் காரணம். இதுதான் என் கருத்து.

2020 மார்ச்சில் நான் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் லீவு என்றதும் துள்ளிக் குதித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நீங்களும் குதித்திருப்பீர்கள்! மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. சாயங்காலம் தெருவே கை தட்டியது. நான் எவர்சில்வர் தட்டை எடுத்துத் தட்டி அம்மாவிடம் திட்டு வாங்கினேன். 25ஆம் தேதியிலிருந்து நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. ஆண்டுப் பரீட்சை கிடையாது, எல்லோரும் பாஸ்!

ஏப்ரல் 14, சித்திரை ஒன்றாம் தேதி அன்று முடிந்துவிடும் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். அப்புறம் மே 3 என்றார்கள். அதற்கப்புறம் மே 17. பிறகு மே 31. நாலு வட்டம் போட்ட பிறகு பேனாவை வைத்துவிட்டேன்.

எவ்வளவு பெரிய கஷ்டமாக இருந்தாலும், இந்தத் தேதியில் முடியும் என்று தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம். எப்போது முடியும் என்றே தெரியாததுதான் மனசை அரிக்கும். பஸ் வருமா வராதா என்று தெரியாமல் ஸ்டாப்பில் நிற்பது மாதிரி. அப்படி ஒரு தேசமே நின்றது.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். என் அப்பாவுக்குப் பந்தல் போடும் தொழில். சித்திரை, வைகாசி என்றால் கோயில் திருவிழா, கல்யாணம் என்று அப்பா வீட்டுக்கே வர மாட்டார். அந்த இரண்டு மாச வருமானத்தில்தான் எங்கள் ஸ்கூல் செலவெல்லாம். அந்த வருஷம் திருவிழாவும் இல்லை, மண்டபமும் இல்லை. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். 50 பேர் வரும் கல்யாணத்துக்கு யார் பந்தல் போடுவார்கள்? ரேஷன் கடையில் கொடுத்த 1000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்?

அப்பா காலையில் எழுந்ததும் சாமியானா துணிகளை எல்லாம் பிரித்துப் போடுவார். தூசி தட்டுவார். மறுபடியும் மடித்து அடுக்குவார். மறுநாளும் அதே வேலை. யாரிடமும் பேச மாட்டார். நாங்கள் சத்தமாகச் சிரித்தால் மட்டும் கத்துவார். வீட்டில் ஒரே ஒரு போன். “ரீசார்ஜ் பண்ணுப்பா, ஆன்லைன் கிளாஸ் இருக்கு” என்று நான் கேட்ட அன்று போனைத் தரையில் அடித்துவிட்டார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்பாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புரிகிறது. அது என் மேல் வந்த கோபம் இல்லை. உழைத்தே பழகிய மனுஷனைச் சும்மா உட்கார வைத்தால், ‘நான் எதுக்கும் உதவாதவனா?’ என்ற எண்ணம் உள்ளே புகுந்துவிடுகிறது. அதை வெளியில் சொல்ல ஆம்பளைகளுக்கு வெட்கம். சொல்லாத துக்கம் கோபமாக வந்து நிற்கிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கொரோனா வந்த முதல் வருஷத்திலேயே உலகம் முழுவதும் மனச்சோர்வும் பதற்றமும் 25 சதவீதம் கூடிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. இளைஞர்களும் பெண்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்றும் சொன்னது. பெண்கள் என்றவுடன் எனக்கு அம்மா ஞாபகம்தான் வருகிறது. எல்லோருக்கும் லீவு விட்டபோது அடுப்படிக்கு யாராவது லீவு விட்டார்களா?

அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது ஒரு போன் கால். எங்கள் தமிழம்மா ஒருநாள் கூப்பிட்டார்கள். ஹோம்வொர்க் கேட்கப் போகிறார்கள் என்று பயந்துகொண்டே எடுத்தேன். அவர்கள் கேட்டது, “சாப்பிட்டியாம்மா? வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?” அவ்வளவுதான். நான் ஓவென்று அழுதுவிட்டேன். தமிழம்மா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும் வரைக்கும் லைனிலேயே இருந்தார்கள். அன்று ராத்திரிதான் பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். காசு பிரச்சினை தீரவில்லை, ஊரடங்கும் தீரவில்லை. ஆனால் கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் பாரம் பாதியாகிவிட்டது.

இனிமேல் எழுதப்போவது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தார்கள். நாங்கள் அப்போது எட்டாம் வகுப்பு. எங்களோடு படித்த ஒரு பையன் (பெயர் எழுத மாட்டேன்) முன்பெல்லாம் வகுப்பிலேயே பெரிய வாயாடி. திரும்பி வந்தபோது பேசவே இல்லை. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். இரண்டாம் அலையில், அந்த மே மாசத்தில், அவனை வளர்த்த ஆயா இறந்துவிட்டார்களாம். கடைசியாக முகம்கூடப் பார்க்க விடவில்லையாம். இது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிவதற்கு முன்னால் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? ‘ஊமை’ என்று பட்டப்பெயர் வைத்தோம். நானும்தான் சிரித்தேன். ஒன்பதாம் வகுப்பில் பாதியிலேயே அவன் நின்றுவிட்டான்.

போன மாதம் அப்பாவின் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டப் போனபோது அந்தக் கடையில் அவனைப் பார்த்தேன். “எப்படி இருக்கே?” என்றேன். “ம்... இருக்கேன்” என்றான். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை நான்கு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும், இல்லையா?

பள்ளி திறந்ததும் விட்டுப்போன பாடங்களை நடத்தினார்கள். அரசாங்கம் ‘இல்லம் தேடிக் கல்வி’ கொண்டுவந்தது. எல்லாம் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. எழுத்து மறந்துவிட்டதா, வாய்ப்பாடு மறந்துவிட்டதா என்று எல்லோரும் பார்த்தார்கள். சிரிக்க மறந்துவிட்டார்களா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

“சின்னப் பசங்க சீக்கிரம் மறந்துடுவாங்க” என்பார்கள். அப்படியா? இன்று நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளைப் பாருங்கள். அவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2020இல். வகுப்பறையில் முதன்முதலாக உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பு! சண்டை போட்டு, பழம் விட்டு, மறுபடி சேர்ந்து விளையாடக் கற்றுக்கொள்ளும் வயசில் நான்கு சுவருக்குள் இருந்தவர்கள். அவர்களில் சிலர் கூட்டம் என்றால் ஒதுங்கி நிற்கிறார்கள் என்றால் அது திமிர் இல்லை, பழக்கமின்மை.

“எங்களுக்கு ஊரடங்கு ஜாலியாத்தான் இருந்துச்சு, குடும்பமா உட்கார்ந்து தாயம் ஆடினோம்” என்று சிலர் சொல்வீர்கள். சந்தோஷம். எங்கள் வீட்டிலும் அப்படிச் சில நாள் உண்டு. ஆனால் மாதச் சம்பளம் வந்த வீடும் தினக்கூலி வீடும் ஒரே ஊரடங்கைப் பார்க்கவில்லை. உயிரைக் காப்பாற்ற ஊரடங்கு தேவைப்பட்டது, அதையும் நான் மறுக்கவில்லை. மருந்து கசக்கும் என்பதற்காக வேண்டாம் என்பதில்லை. கசந்தது என்று சொல்லவாவது விட வேண்டும்.

சொல்வதற்கே நாம் பயப்படுகிறோம் என்பதுதான் பெரிய பிரச்சினை. 2021இல் யுனிசெஃப் அமைப்பு 21 நாடுகளில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடம் ஒரு கேள்வி கேட்டது. மனசு சரியில்லாதபோது மற்றவர்களிடம் உதவி கேட்பது நல்லதா என்பதுதான் கேள்வி. நல்லது என்று சொன்னவர்கள் இந்தியாவில் 100க்கு 41 பேர்தான். 21 நாடுகளின் சராசரி 83. காரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். யாராவது “மனசு கஷ்டமா இருக்கு”ன்னு சொன்னால் “என்னடா லூசாயிட்டியா?” என்று கேட்பது யார்? நாம்தானே!

அதனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, ஆசிரியர்களுக்கு. வாரத்தில் ஒரு அரை மணி நேரம், பாடம் இல்லாமல் பேசுவதற்கு மட்டும் எங்களுக்குக் கொடுங்கள். பி.இ.டி. பீரியடில் வேண்டாம், ப்ளீஸ்! விளையாட்டும் மனசுக்கு மருந்துதான்.

இரண்டு, நம் நோட்டீஸ் போர்டில் இரண்டு எண்களை நிரந்தரமாக எழுதி வைக்க வேண்டும். 14416 மனநல ஆலோசனைக்கு, 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவிக்கு. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவது மாதிரிதான் இதுவும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்று, நமக்கு. பக்கத்து பெஞ்சில் யாராவது திடீரென்று அமைதியாகிவிட்டால் பட்டப்பெயர் வைக்காதீர்கள். “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டாலும் மறுநாளும் கேளுங்கள்.

அடுத்த வாரம் அப்பாவின் வண்டியில் பஞ்சர் இருக்கிறதோ இல்லையோ, நான் அந்தக் கடைக்கு ஒருமுறை போகப்போகிறேன். இந்த முறை கேள்வியோடு, ஒரு மன்னிப்பும்.

சிந்திப்போம்! மனம் விட்டுப் பேசுவோம்!



— ஒரு மாணவி,
பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு